முழுகாமல் இருக்கிறார்

ஆரணியில் கடல் இல்லை என்பது எங்கள் மையத்துக்குத் தெரியும். அதைக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு ஒருமுறை எழுதியும் இருக்கிறார்கள். கடல் இல்லாததற்கான காரணத்தை விளக்கும்படி பதில் வந்தது. விளக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

மையத்தின் முழுப்பெயர் நீரடி முழுகுநர் பயிற்சி மற்றும் சான்றளிப்பு மையம். கண்ணமங்கலம் போகிற சாலையில், ஒரு கல்யாண மண்டபத்துக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அது அங்கே வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டுக்குச் சாயம் போடுவதை முறையாகச் சொல்லித்தர ஒரு பயிற்சி மையம் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் ஆங்கிலத்தில் மனு எழுதினார்கள். ஆங்கிலத்தில் சாயம் போடுவது டையிங். மனு மேலே போகப்போக, எந்த மேசையில் என்று தெரியவில்லை, ஓரிரண்டு எழுத்து மாறி அது டைவிங் ஆகிவிட்டது. உத்தரவு வந்தபோது இங்கே பெரிய சிமென்டுத் தொட்டி கட்டி முடித்து, ஒருமுறை அரக்குச் சாயம் கரைத்துப் பார்த்தும் இருந்தார்கள். அதிகாரிகள் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார்கள். தொட்டி இரண்டுக்கும் பொருந்தியது.

நான் விலங்கியல் படித்தவள். தூத்துக்குடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ஒரு திட்டத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் இறங்கியவள் என்று அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு மையம் எழுத்தில் சொல்ல வேண்டும். மார்ச் முடிவதற்குள் அந்தத் தாள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கடற்கரை ஊர்களில் ஸ்கூபா பயிற்சிக்குக் கேட்கிற கட்டணத்தை எங்கள் வீட்டில் யாரும் மொத்தமாகப் பார்த்ததில்லை. ஆரணியில் இலவசம். மதியச் சாப்பாடும் உண்டு.

அம்மா ஆதிலட்சுமி எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். தெள்ளாரில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு அறிவியல் டீச்சர் வேலை கேட்டு அவள் முன்பே பேசி வைத்திருந்தாள்.

“மார்ச்சு வரிக்கும் உன் இஷ்டம். ஏப்ரல் பொறந்தா தெள்ளாரு,” என்றாள்.

நான் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன். அப்போது ஆடி மாதம். மார்ச் வெகு தூரத்தில் இருந்தது.

இயக்குநர் மணவாளன் இதற்கு முன்பு கோழிப்பண்ணைக் கடன்களைக் கவனித்தவர். அவர் மேசையில் ஒரு சங்கும், பின்சுவரில் திமிங்கிலம் ஒன்றின் படமும் இருந்தன. நான் உட்கார்ந்ததும், தொடக்கநிலையா, அனுபவசாலியா என்று கேட்டார். இதுவரை தண்ணீருக்கடியில் இறங்கியதில்லை, ஏரியில் நீந்தத் தெரியும் என்றேன்.

“எறங்கறது வேற விஷயம்மா. எறங்கறதுக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தம் கெடையாது. இங்க சேந்து ரெண்டு வருஷம் வரைக்கும் தொடக்கநிலை. அதுக்கு மேல தானாவே அனுபவசாலி.”

அந்த வழியில் அனுபவசாலி ஆனவர்களில் ஒருவர் குணசுந்தரி அக்கா. அவரை எனக்கு இணையராகப் போட்டார்கள். நீருக்கடியில் யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. மையம் அதைத் தரைக்கும் நீட்டித்திருந்தது. இணையர் வராவிட்டால் வந்தவருக்கும் விடுப்பு. குணசுந்தரி அக்காவின் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது நான் தினமும் பஸ் பிடித்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அக்கா அதற்கு முன் நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். போன பொங்கலோடு ரெண்டு வருஷம் முடிந்து, மாலை போட்டு அவரை அனுபவசாலி ஆக்கியிருந்தார்கள்.

“தண்ணி படாமலே பெரியாளு ஆயிட்டேன் எயிலு,” என்றார். எழிலரசி என்ற என் பெயர் அவர் வாயில் எயிலு. “நீயும் ஆயிடுவ. இன்னா அவசரம்?”

என் அவசரத்தைச் சொன்னேன். தூத்துக்குடியில் மெய்யாலுமே தண்ணீரில் இறக்குவார்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

வகுப்புகள் நன்றாக நடந்தன. முதல் மாதம் முழுவதும் கண்காணிப்பாளர் தணிகாசலம் கலைச்சொற்கள் எடுத்தார். மையத்தில் எல்லாம் தமிழில் நடக்க வேண்டும் என்பதற்குப் பொறுப்பு அவர்தான். அவர் போட்ட முதல் சுற்றறிக்கை ‘மூழ்குதல்’ என்ற சொல்லைத் தடை செய்தது. கப்பல் மூழ்கும், அடகு வைத்த நகை மூழ்கும், மனிதர் மூழ்கினால் போலீஸ் வரும். ஆகவே அது அமங்கலம். ‘முழுகுதல்’ அப்படி இல்லை. அமாவாசைக்கு முழுகுகிறோம், எண்ணெய் வைத்து முழுகுகிறோம். இனி இம்மையத்தில் யாரும் மூழ்கக் கூடாது, முழுகத்தான் வேண்டும் என்று கடைசி வரி சொன்னது. வகுப்பில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குணசுந்தரி அக்காவுக்கு இருமல் வந்து வெளியே போனார். இணையர் என்பதால் நானும் போனேன்.

அடுத்து கைச்சைகைகள். தண்ணீருக்கடியில் பேச முடியாது, ஆகவே கையால்தான் எல்லாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் காட்டினால் ‘நலம்’. கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினால் ‘மேலே போ’. கட்டைவிரலைக் கண்டதும், காட்டியவர் யார், எதற்கு என்று கேட்காமல் மேலே போய்விட வேண்டும். இதுவும் உலக விதிதான். மேலே போகும் வழியில் மூன்று நிமிடம் ஓரிடத்தில் நின்று போக வேண்டும். அதற்குப் பாதுகாப்பு நிறுத்தம் என்று பெயர். மையத்தில் ‘மேலே’ என்பது மாடியில் உள்ள சாப்பாட்டுக்கூடம் என்று வரையறுத்திருந்தார்கள். ஆகவே பாதுகாப்பு நிறுத்தம் மாடிப்படி திரும்பும் இடத்தில், ஜன்னலோரம். மதியம் ஆனதும் பயிற்றுநர் விரலைக் காட்டுவார். நாங்கள் ஜோடி ஜோடியாக எழுந்து போய், படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி மூன்று நிமிடம் நின்றுவிட்டு, சாம்பார் வாசனையை நோக்கி மேலேறுவோம்.

ஆண்டு விழாவுக்கு ஊர்ப் பிரமுகர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் பேசி முடித்ததும் படம் எடுப்பவர், ஐயா இப்படிப் பாருங்க என்றார். பிரமுகர் சிரித்து, கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். அரங்கத்தில் இருந்த அனைவரும் எழுந்தோம். முதலில் எழுந்தவர் மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர். அவரும் தணிகாசலமும் இணையர். நாங்கள் எல்லோரும் படித் திருப்பத்தில் மூன்று நிமிடம் நின்றோம். பிரமுகர் நிமிர்த்திய விரலுடன் மேடையில் தனியாக இருந்தார். பிறகு அவரிடம் போய், நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம் என்று விளக்கினார்கள். தன் சொல்லுக்கு ஊரில் இவ்வளவு மரியாதை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மையத்துக்கு ஒரு பீரோ வாங்கிக் கொடுத்தார்.

செய்முறை தொட்டியில் நடந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. கோடையில் பஞ்சம் என்பதால் நிரப்புவதில்லை. மழைக்காலத்தில் வழுக்கும் என்பதால் திறப்பதில்லை. நடுவில் உள்ள மாதங்களில் நாங்கள் கண்ணாடியும் ரப்பர்த் துடுப்பும் மாட்டிக்கொண்டு, சிலிண்டரைச் சுமந்தபடி ஏணியில் இறங்கி, அடியில் வட்டமாக நடந்தோம். துடுப்போடு முன்பக்கமாக நடந்தால் தடுக்கும் என்பதால் பின்பக்கமாக. தொட்டியின் மூலையில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. கடல்வாழ் உயிரினங்களைத் தொடக் கூடாது, துரத்தக் கூடாது, கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நின்று பார்க்க வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அப்படியே பார்த்தோம். அது எங்களைக் கொஞ்சம் பக்கத்தில் வந்தே பார்த்தது.

சிலிண்டரை மட்டும் யாரும் திறக்கவில்லை. அதற்கான காரணத்தை இயக்குநர் குடியரசு தினத்தன்று சொன்னார்.

“இந்த மையம் தொடங்கி நாலு வருஷம் ஆவுது. மொத நாள் வந்த காத்து, இன்னிக்கும் அப்படியே சிலிண்டர்ல இருக்குது. ஒரு மூச்சு வீணாகல. அரசாங்கக் காத்து இது. இழுத்து விட்டா திரும்பி வருமா? அதே மாதிரி, நாலு வருஷத்துல ஒரு விபத்து கெடையாது. ஒருத்தருக்குக் காது வலி கெடையாது. ஒரு சளி கெடையாது. கடலோர மையங்கள்ல போய்க் கேட்டுப் பாருங்க, இப்படிச் சொல்ல முடியுதான்னு. முடியாது. ஏன்னா, அவங்க தண்ணில எறக்கறாங்க.”

நெடுநேரம் கைதட்டினோம். தண்ணீருக்கடியில் கைதட்டக் கூடாது என்று தணிகாசலம் நினைவூட்டியதும் வட்டம் காட்டினோம்.

மார்ச் முதல் வாரம் தூத்துக்குடியிலிருந்து கேட்டார்கள், பயிற்சி எந்த அளவில் இருக்கிறது என்று. இயக்குநர் அறை வாசலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் நின்றேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. கடைசியில் குணசுந்தரி அக்கா தட்டிவிட்டு, என்னை உள்ளே தள்ளி, இணையர் என்ற முறையில் தானும் வந்து நின்றார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். தொட்டியில் தண்ணீர் விட்டு என்னை இறக்க முதலில் மருத்துவர் தகுதி தர வேண்டும், மருத்துவர் பார்க்க என் நிலையைக் குறித்து மையத்தின் சான்று வேண்டும் என்றார். உடனே எழுதித் தரச் சொல்லித் தணிகாசலத்துக்கு உத்தரவிட்டார். எங்கள் மையத்தில் இவ்வளவு விரைவாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் சான்று தயார். முத்திரையோடு இருந்தது.

“செல்வி எழிலரசி, இம்மையத்தில் சேர்ந்த நாள்முதல் இன்றுவரை முழுகாமல் இருக்கிறார் என்றும், இதற்கு மையமே முழுப் பொறுப்பு என்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.”

நான் இரண்டு முறை படித்தேன். காது சுட்டது.

“சார், இதுக்கு வேற அர்த்தம் இருக்குது,” என்றேன்.

“என்ன அர்த்தம்?”

நான் தரையைப் பார்த்தேன்.

“ஊட்ல கொமட்டிகினு மாங்கா கேட்டா சொல்லுவாங்களே சார், அந்த அர்த்தம்,” என்றார் அக்கா.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்றறிக்கை போட்ட நாளிலிருந்து யாராவது இதைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தவர் போல இருந்தார்.

“அது பேச்சு வழக்கு,” என்றார். “இது ஆட்சி வழக்கு.”

மருத்துவர் அமலா புதன்கிழமைகளில் வருவார். சான்றை எடுத்துப் படித்தவர் சிரித்தபடி வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தார். பிறகு ‘செல்வி’ என்ற சொல்லைக் கவனித்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டில் தெரியுமா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். அதை வெளிப்படையாகச் சொன்னார்.

“நம்பறேம்மா. டெஸ்ட் எடுத்தாலும் இல்லன்னுதான் வரும். ஆனா நான் வாரத்துல ஒரு நாள் வர்ற டாக்டர். இவங்க உன்னை டெய்லி பாக்கறாங்க. இவங்களே முழுப் பொறுப்புன்னு வேற எழுதியிருக்காங்க. நான் எப்படி இல்லன்னு எழுத முடியும்?”

கர்ப்பிணிகள் நீருக்கடியில் இறங்கக் கூடாது. நல்ல விதி, பாடத்திலேயே இருந்தது, நானே மனப்பாடம் செய்திருந்தேன். அதைக் காட்டி, பிரசவத்துக்குப் பிறகு மறுபரிசீலனை என்று எழுதிக் கையெழுத்திட்டார். சத்து மாத்திரையும் கொடுத்தார்.

இயக்குநரிடம் போனேன். சான்றைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். நீ முழுகினால்தான் அது தானாக ரத்தாகும் என்றார். முழுகுகிறேன் என்றேன். மருத்துவர் கூடாது என்று எழுதியிருக்கிறாரே என்றார்.

“பேஜார் பண்ணாதம்மா. கொழந்தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்.”

“கொழந்தை இல்ல சார்.”

“அதை, பொறந்தப்புறம் எழுதிக் குடு.”

அன்று மாலையே எனக்குச் சலுகைகள் அளித்து உத்தரவு வந்தது. இனி நான் ஏணியில் இறங்க வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம், சாப்பாடு கீழேயே வந்துவிடும். கட்டைவிரல் சைகையிலிருந்தும் எனக்கு விலக்கு. மையத்தின் வரலாற்றில் அந்த விலக்கு பெற்ற ஒரே ஆள் நான்தான். பிற்பகலில் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். பயிற்சிக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். இருந்தாலும் மாங்காய்க் கீற்று கொண்டுவந்தார்கள். மாங்காய் எனக்குப் பிடிக்கும், தின்றேன். அதைத் தணிகாசலம் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையாட்டினார்.

சான்றுகளின் நகல் பதிவுத் தபாலில் பெற்றோருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள்.

“முழுவாம கீறியாமே?”

“இல்லம்மா.”

“முத்திர குத்தி அனுப்பிச்சிகீறாங்க. யாருடி?”

“மையம்மா.”

“அவம் பேரக் கேக்கல. எந்த ஊர்க்காரன்?”

“அம்மா, மையம்னா நான் படிக்கிற எடம்.”

அவள் தாளை மறுபடி எடுத்து, விரல் வைத்துப் படித்தாள்.

“முழுப் பொறுப்புன்னு எழுத்துல குடுத்துகீறான். அது வரிக்கும் நல்லவன்தான்,” என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன். மூழ்குதல், முழுகுதல், சுற்றறிக்கை, மருத்துவர், பால். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. தெளிந்த பிறகு அழுதாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். தபால்காரர் இதை வாசலில் வைத்தே படித்துக் காட்டினாராம். எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“தூத்துக்குடியும் வேணாம் ஒண்ணும் வேணாம். திங்கக்கெழம தெள்ளாருக்கு வர்றேன்னு போன் போட்டுட்டேன். இந்தத் தாளு அங்க போயி சேர்றதுக்கு முன்ன நீ போயி சேரு.”

அன்று செவ்வாய். அடுப்பைப் பற்றவைத்தேன்.

வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி மையத்தைப் பார்வையிட வந்தார். அதற்கு முந்தைய நாள் தொட்டியை நிரப்பினார்கள். நாயையும் குட்டிகளையும் டயர் கடைக்கு மாற்றினார்கள். லாரி லாரியாக வந்த தண்ணீர் தொட்டியில் விழுந்து, நாலு வருஷமாகச் சுவரிலும் அடியிலும் காய்ந்து கிடந்த சாயத்தைக் கரைத்தது. காலையில் பார்த்தால் தொட்டி நிறைய அரக்கு நிறத்தில், கல்யாணப் புடவையைக் கரைத்து விட்டதுபோல் இருந்தது. மாற்ற நேரமில்லை.

அதிகாரி தொட்டியின் விளிம்பில் நின்று, இது என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“செங்கடல் மாதிரி அமைப்பு சார்,” என்றார் இயக்குநர். “அடுத்த வருஷம் கருங்கடல்.”

அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு யார் இறங்கிக் காட்டப்போகிறார்கள் என்று கேட்டார். அனுபவசாலிகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் உள்ளவரைப் பார்த்தார்கள். தொடக்கநிலையினர் அனுபவசாலிகளைப் பார்த்தார்கள். இத்தனை வருஷ அனுபவத்தை ஒரே நாளில் தண்ணீரில் செலவழிக்க வேண்டாம் என்று மையம் கருதுவதாக இயக்குநர் சொன்னார். அதிகாரிக்கு அது சரியாகப் பட்டது. அவர் வெயிலில் வேர்த்திருந்தார். சாப்பாடு தயாரா என்று கேட்டார்.

சிலிண்டர்கள் எல்லாம் காட்சிக்காகத் தொட்டியோரம் அடுக்கப்பட்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குணசுந்தரி அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போனார்.

“சார், ஒரு போட்டோ சார். இப்பிடிக் காட்டுங்க.”

அதிகாரி சிரித்தபடி கட்டைவிரலை நிமிர்த்தினார்.

எல்லோரும் ஜோடி ஜோடியாகப் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். இயக்குநர் அதிகாரியின் கையைப் பிடித்து, இன்றைக்கு மட்டும் தங்களுக்கு நான்தான் இணையர் என்று சொல்லி அழைத்துப் போனார். தணிகாசலம் இணையர் இல்லாமல் தவித்து, சமையல்காரரோடு போனார். எனக்குத்தான் மாடிப்படி ஏறக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அக்கா ஓடிவந்து சிலிண்டரைத் தூக்கி என் முதுகில் வைத்து வாரை இழுத்தார். வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பாடம் எல்லாம் நன்றாகத்தான் நடத்தியிருந்தார்கள்.

“ஜல்தி எயிலு. மூணு நிமிசம் நின்னுகினு இருப்பாங்க, அப்பறம் சோத்துல ஒக்காந்துடுவாங்க. நான் படித் திருப்பத்துல ஜன்னலாண்ட நிக்கறேன். அங்கேர்ந்து உன்னப் பாக்க முடியும். இணையரு கண்ணு பட்டாப் போதும்னுதான விதி?”

“ஆமாக்கா.”

“பயமா கீதா?”

நான் வட்டம் காட்டினேன்.

தண்ணீர் கழுத்தளவு இருந்தது. முழங்கால் மடித்து உட்கார்ந்தேன். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. முதல் விதி: மூச்சை அடக்காதே. மூச்சை அடக்கித்தான் எனக்குப் பழக்கம். வகுப்பில், வீட்டில், இயக்குநர் அறை வாசலில். இழுத்தேன். நாலு வருஷத்துக் காற்று வந்தது. கொஞ்சம் இரும்பு வாசனை. விட்டேன். குமிழிகள் காதோரமாக ஏறிப் போயின. இன்னொரு முறை.

எல்லாப் பக்கமும் அரக்கு நிறம். வெயில் மேலே இருந்து சரிந்து, ஜரிகை இழை மாதிரி அசைந்தது. என் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. அங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. நானும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். பவளப்பாறை அங்கே இருந்தால் எண்ணியிருப்பேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே ஒரு முகம் நெளிந்தது. இயக்குநர். வாய் திறந்து மூடியது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கட்டைவிரலைக் காட்டினார். எனக்கு விலக்கு இருந்தது. இருந்தாலும், உலக விதி என்பதால், காரணம் கேட்காமல் எழுந்தேன். பாதி எழுந்த இடத்தில் பாதுகாப்பு நிறுத்தத்துக்காக மூன்று நிமிடம் நின்றேன். அவர் மேலே விரலை நீட்டியபடியே காத்திருந்தார்.

பிற்பகலிலேயே விசாரணை. அதிகாரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். நான் முழுகியதற்கு ஆதாரம் என்ன என்று தணிகாசலம் கேட்டார். கையை நீட்டினேன். முழங்கை வரை அரக்கு. முகம், கழுத்து, காது எல்லாம் அப்படித்தான் என்று அக்கா பிறகு சொன்னார். ஆரணிச் சாயம் சோப்புக்குப் போகாது. காற்றைச் செலவழித்தது பற்றிக் கேட்டபோது இயக்குநரின் குரல் உடைந்தது. எத்தனை மூச்சு என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முழுகாமல் இருக்கிறார் என்று மையம் சான்றளித்த ஒருவர் எப்படி முழுக முடியும் என்ற சிக்கலில் தணிகாசலம் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அவருக்கு வழி கிடைத்தது. எங்கள் மையத்தில் சான்றிதழுக்குத்தான் வருஷக்கணக்கில் ஆகும். நீக்கல் உத்தரவு அன்று மாலையே கையில் கிடைத்தது.

“செல்வி எழிலரசி, இம்மையத்தின் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, அதிலுள்ள காற்றைச் சுவாசித்து, அனுமதியின்றி நீருக்கடியில் முழுகியது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. ஆகவே அவர் இன்றோடு நீக்கப்படுகிறார்.”

முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது. கேட்டுக்கு வெளியே வந்ததும் அதைப் போனில் படம் பிடித்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன்.

இந்த உத்தரவின் நகலும் வீட்டுக்குப் போனது. இந்தமுறை அம்மா தபால்காரரை வாசலில் உட்காரவைத்து, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை படிக்கச் சொன்னாளாம். நான் ஏரிக்கரை வரை போய்விட்டு வந்தபோது அவள் தெருவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எம்பொண்ணு முழுவிட்டா. கவுருமெண்டே எழுதிக் குடுத்துட்டான்.”

தூத்துக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. எந்த மையமும் இவ்வளவு தெளிவாகச் சான்று அளித்ததில்லை என்றும், மற்றவர்கள் பயிற்சி பெற்றார் என்று மட்டும்தான் எழுதுகிறார்கள் என்றும், மீதியைக் கடலில் இறக்கி அவர்களே முதலிலிருந்து சொல்லித் தருவதாகவும் இருந்தது. அம்மா தெள்ளாருக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்று சொன்னாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அங்கே கேட்டார்களாம்.

கிளம்புகிற அன்று ஆரணி பஸ் நிலையத்துக்குக் குணசுந்தரி அக்கா வந்திருந்தார். இணையர் போய்விட்டதால் அவருக்கும் விடுப்பு. வேறு இணையர் ஒதுக்கும்வரை வீட்டில் இருக்கலாம். என் காதைத் திருப்பிப் பார்த்தார். அரக்கு இன்னும் போகவில்லை.

“நேத்து மீட்டிங்கு போட்டாங்க எயிலு. டைரட்டரு உன்னப்பத்தி ரொம்ப நேரம் பேசினாரு.”

“என்ன சொன்னாருக்கா?”

“இன்னியோட அந்தப் பொண்ண மையம் தலமுழுவிட்டுதுன்னாரு.”

பஸ் கிளம்பியது. அக்கா கீழே நின்று வட்டம் காட்டினார். நானும் காட்டினேன்.

மையம் தொடங்கி நாலு வருஷத்தில் அவர்கள் முழுகியது அது ஒருமுறைதான்.